இரண்டு கிண்ணம் ஊசி

போன வாரம் மலாக்காவில், புக்கிட் பாரு பக்கம் ஒரு கிளினிக்குக்கு இரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். கொடுக்க என்றதும் தானம் என்று நினைத்துவிடாதீர்கள். என் வயதில் என் இரத்தத்தை யார் கேட்கப்போகிறார்கள்? சர்க்கரை பார்க்க ஒரு சின்னக் குப்பி, அவ்வளவுதான். மகள் காரில் கூட்டிக்கொண்டு போனாள். இருபத்திரண்டு வயது இருக்கும், மலாய்க்கார மிஸி, அதாவது நர்ஸ் ஒருத்தி என் கையைத் தட்டித் தட்டி நரம்பைத் தேடினாள். முதல் குத்தில் நரம்பு நழுவிவிட்டது. வேறு ஊசி எடுத்தாள், இரண்டாவது குத்தில் அகப்பட்டது. "சாக்கிட் கா, அங்கிள்?" என்று கேட்டாள், வலிக்கிறதா என்று. "தாக், தாக்" என்று தலையை ஆட்டினேன், இல்லவே இல்லை என்று.

பிறகு அவள் அந்த ஊசியைச் சுவரோரம் இருந்த மஞ்சள் பெட்டிக்குள் டொக்கென்று போட்டாள். ஒரே ஒரு தடவை குத்திய ஊசி, புத்தம் புதுசு. என் கை தானாக நீண்டுவிட்டது. எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்து அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற மகளுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. "என்னாப்பா, அத எடுத்துக் கழுவப் போறீங்களா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வீடு திரும்பும் வரை அந்த டொக் சத்தம் காதிலேயே இருந்தது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஹாஸ்பிடல் அசிஸ்டெண்டாக வேலை பார்த்தவன். மக்கள் வாயில் டிரெஸர். டாக்டருக்கு ஒரு படி கீழே. ஆனால் டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், கட்டி, வயிற்றுப்போக்கு, மண்டை உடைந்து வருகிறவன் எல்லோருக்கும் நாங்கள்தான். இப்போது அந்த வேலைக்கு நீளமாக ஒரு மலாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவில் மூச்சு வாங்காமல் எனக்குச் சொல்ல வராது. நல்ல பெயர்தான், மரியாதையான பெயர். என்னைக் கேட்டால், டிரெஸர் என்று கூப்பிட்டால்தான் நான் திரும்பிப் பார்ப்பேன்.

பயிற்சி முடித்து முதலில் என்னைப் போட்டது காஜா பேராங் பக்கம், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நடந்த சின்ன அரசாங்க மருந்தகத்தில். மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம். ஊரெல்லாம் சுதந்திரம் வந்தால் என்னென்ன ஆகும் என்பதே பேச்சு. எனக்கு ஒரு நப்பாசை இருந்தது: வெள்ளைக்கார டாக்டர்கள் எல்லாம் கப்பல் ஏறிவிட்டால், கொஞ்சம் தேறின டிரெஸர்களை டாக்டர் ஆக்கிவிடுவார்களோ என்று. அதற்காகவே வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு, காகிதம் மாதிரி மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போவேன். வயது இருபத்துமூன்று. அந்த வயதில் முட்டாள்தனம்கூடக் கொஞ்சம் பளபளப்பாகத்தான் இருக்கும்.

அங்கே எனக்கு மூத்தவர் டேவிட் அண்ணன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பழகிய கை. தடித்த உடம்பு, மெல்லிய குரல். மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து ஊசி தீட்டுவோம். ஆமாம், தீட்டுவோம். அந்தக் காலத்து ஊசி எஃகு, சிரிஞ்சு கண்ணாடி. ஒரே ஊசி நூறு பேருக்கு, இருநூறு பேருக்குப் போகும். குத்தக் குத்த முனை மழுங்கும். அதை எண்ணெய் தடவிய கல்லில் சரித்து வைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பை எடுக்க வேண்டும். கட்டை விரல் நகத்தில் முனையை வைத்து, வழுக்காமல் நின்றால் சரி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்புறம் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்போம். கொதிக்கிற இரும்பு வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் பக்கத்துக் கோப்பிக் கடையில் கோப்பிக் கொட்டை வறுபடும் வாசனையும் சேர்ந்து ஒன்றாக வரும். இன்றைக்கும் யாராவது கோப்பி வறுத்தால் எனக்கு ஊசி ஞாபகம்தான்.

இப்போது வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மேசையில் இரண்டு எனாமல் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நீல விளிம்பு, மற்றது விளிம்பே பொரிந்துபோனது. நீல விளிம்பில் புது ஊசிகளும் நன்றாகத் தீட்டிய ஊசிகளும். பொரிந்த கிண்ணத்தில் மிச்சம். எதை யாருக்குப் போடுவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, வாயாலும் சொன்னதில்லை. கை அதுவாகப் போகும். குழந்தைகளுக்கு நீலம். போலீஸ்காரர், ஆபீஸ் கிராணி, பள்ளிக்கூட வாத்தியார், நமக்குத் தெரிந்த முகம், எல்லாம் நீலம். முக்கியமாக, சத்தம் போடுகிற ஆளுக்கு நீலம். மளிகைக் கடை முதலாளி ஒருவர் வருவார், தவுக்கே என்போம். ஸ்பிரிட் பஞ்சு பட்டதற்கே தெருமுனை வரை கேட்கிற மாதிரி அலறுவார். "அந்தாளுக்குப் புது ஊசியா எடுலா, இல்லன்னா கூட்டம் பயந்து ஓடிரும்" என்பார் டேவிட் அண்ணன். சத்தம் போடாதவர்களுக்குப் பொரிந்த கிண்ணம். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. நல்ல ஊசி கொஞ்சம், ஆள் நிறைய. தாங்குகிறவர்கள் தாங்கட்டும் என்று இருந்துவிட்டோம்.

மீனாட்சி அக்கா சத்தம் போடாதவர்.

அவர் மலாக்கா செட்டி, பல நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வழி. எங்கள் மருந்தகத்துக்குப் பின்னால் நடந்துபோகிற தூரத்தில் அவர்கள் கம்பம், அதாவது குடியிருப்பு. அட்டையில் மீனாட்சி என்ற பெயரைப் பார்த்ததும் நான் உற்சாகமாக, "வாங்கக்கா, சாப்பிட்டீங்களா, எங்க வீடு?" என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாக நான் முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு அவர்கள் வீட்டு மலாயில், தமிழில் சாமி பெயர் மட்டும்தான் தெரியும் என்றார். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். காஜா பேராங்கில் பிறந்தவனுக்கு அது புதுசே இல்லை. நான் தோட்டத்துப் பையன், வாயைப் பிளந்தேன். ஆனாலும் என்னை அவர் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். அக்காவும் தம்பியும் மட்டும் எங்கள் இருவருக்கும் பொது. அவர் பேசியதெல்லாம் மலாய்தான். எனக்கு நினைவில் அது தமிழாகவே தங்கிவிட்டது, ஆகையால் தமிழிலேயே சொல்கிறேன்.

முப்பது வயது இருக்கும் அவருக்கு. கெபாயாவின் ஓரத்தில் நூல்வேலை செய்கிறவர். புருஷன் சிங்கப்பூரில் துறைமுகத்தில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். நான்கு வயதில் ஒரு பெண், தெய்வானை. அக்காவுக்குக் காசநோய். அந்தக் காலத்தில் அதற்கு நாள்தோறும் ஊசி, கூடவே கசப்பு மாத்திரைகள் பிடி பிடியாக. தொடர்ந்து தொண்ணூறு ஊசி போட்டு, சளியைச் சோதித்து, கிருமி இல்லை என்று சொன்னால்தான் குழந்தையைப் பக்கத்தில் விடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை தெய்வானை எதிர்வீட்டில், நாத்தனாரிடம். நடுவில் ஒரு சந்து, இரண்டு பக்கமும் இடுப்பளவு வேலி. தாய் இந்த வேலியில், பிள்ளை அந்த வேலியில்.

அட்டையில் தொண்ணூறு கட்டம். ஒவ்வொரு நாளும் நான் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவேன். பெண்களுக்கு இடுப்பில் போடுவது அப்போது நினைக்க முடியாத காரியம், நானோ கல்யாணம் ஆகாதவன். ஆகையால் ஒரு நாள் இடது புஜம், மறுநாள் வலது புஜம். அக்கா சட்டையை விலக்கிக் கையை நீட்டுவார். கண்ணைக்கூட மூடமாட்டார். மருந்து ஏறும்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் "தெரிமா காசி, தம்பி" என்று நன்றி சொல்லிவிட்டு நடப்பார். நான் டேவிட் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்: "நம்ம பேஷண்டுலயே இந்த அக்காதாண்ணே நம்பர் ஒன்னு. ஒரு சத்தம் இல்ல." அவரும் ஆமோதித்தார். நான் சொன்னதன் அர்த்தம் எனக்கே அப்போது தெரியவில்லை.

ஐம்பத்துமூன்றாவது கட்டத்தோடு அக்கா நின்றுவிட்டார். வெட்கக்கேடு என்னவென்றால், ஆறு நாள் எனக்குத் தெரியவே இல்லை. தவுக்கே ஒரு நாள் வராவிட்டால் மருந்தகமே வெறிச்சென்று இருக்கும். சத்தமில்லாமல் வந்துபோன ஆள் சத்தமில்லாமல் வராமல் போனால் யார் கவனிக்கிறார்கள்? ஏழாவது நாள் அட்டைகளை அடுக்கும்போதுதான் காலிக் கட்டங்கள் கண்ணில் பட்டன. பத்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் தூரத்தில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பிவிட வேண்டும். அதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"விடு, ஒடம்பு கொஞ்சம் தேறியிருக்கும். இருமல் நின்னுச்சுன்னா இவங்கல்லாம் வரமாட்டாங்க" என்றார் டேவிட் அண்ணன்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நோயாளிக்குப் புத்தி சொல்லித் திருத்துவது என்றால் எனக்கு அப்போது கொள்ளை ஆசை. சிரிஞ்சு, ஊசி, மருந்து எல்லாவற்றையும் டப்பாவில் வைத்துக்கொண்டு, சொல்லவேண்டிய அறிவுரையை வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு சைக்கிளில் போனேன்.

சந்துக்குள் நுழைந்ததுமே நாத்தனார் வேலிக்கு வந்துவிட்டார். அவர் அக்காவுக்கு நேர்மாறு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "டிரெஸர், உள்ளே போய் அவ கையப் பாருங்க. அப்புறம் பேசுங்க" என்றார். அவர் காலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் நின்றாள். ரோஜா நிறத்தில் கவுன் போட்டிருந்தாள். அழகான தையல், ஆனால் தோளில் இறுக்கம், கை மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது. பிறகுதான் தெரிந்தது, அது அக்கா தைத்து அனுப்பியது. தொட்டு அளவெடுக்க வழியில்லை. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கண்ணாலேயே அளந்து தைத்திருக்கிறார். கண் பார்த்தது போன மாதத்துப் பிள்ளையை.

அக்கா உள்ளே சட்டத்தில் துணியை மாட்டிவைத்து, அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போடப் பார்த்தார். கை தோளுக்கு மேலே எழவில்லை. இரண்டு புஜமும் வீங்கி, கட்டை போல இறுகி, ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. நான் ஒத்திகை பார்த்த அறிவுரையில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"ஊசி போடுற கைதானே, கொஞ்சம் வீங்கும்க்கா" என்று என்னவோ சொன்னேன்.

அக்கா கையை நீட்டினார். குத்திக்கொள்வதற்கு இல்லை. உள்ளங்கையைத் திருப்பி, "ஊசியைக் கொடு, தம்பி" என்றார். டப்பாவைத் திறந்து கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் நூல் பெட்டியிலிருந்து, கெபாயா தைக்கிற வாயில் என்ற மெல்லிய துணியில் ஒரு துண்டை எடுத்து, ஊசியை அதில் குத்தி வெளியே இழுத்தார். துணியில் ஒரு இழை ஊசியோடு சேர்ந்து வந்தது. மறுபடி குத்தினார். மறுபடி ஒரு இழை. முனை கூராகத்தான் இருந்தது, நகத்தில் வழுக்காமல் நிற்கிற ஊசிதான் அது. ஆனால் நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கொக்கி. போகும்போது குத்திவிட்டுத் திரும்பும்போது கிழித்துக்கொண்டு வருகிற கொக்கி. கல்லில் ஒரே பக்கமாகத் தேய்த்து அதை நானே உண்டாக்கியிருந்தேன்.

"இந்த மாதிரி ஊசியால தைச்சா, கெபாயா கொடுத்த வீட்டுக்காரி என்னை உதைப்பா" என்றார். கோபமே இல்லை குரலில். துணித் துண்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

எனக்கு அந்தப் பொரிந்த கிண்ணம் கண்முன்னால் வந்தது. ஐம்பத்துமூன்று நாளும் என் கை எந்தக் கிண்ணத்துக்குப் போயிற்று என்று யோசித்தேன். ஒரு நாள்கூட நீலத்துக்குப் போனதாக ஞாபகம் இல்லை. நல்ல பேஷண்ட் என்று நான் மெச்சிய ஒரே ஆளுக்குத்தான் இருப்பதில் மோசமான ஊசியாகப் பொறுக்கி எடுத்துப் போட்டிருக்கிறேன்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

அக்கா வேலிப் பக்கம் பார்த்தார். "சொன்னா நீ அட்டையில எழுதுவே. ஊசி தாங்காதவங்களத் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்கன்னு சொன்னாங்க. அங்கேருந்து பார்த்தா இந்தச் சந்து தெரியுமா?"

பிறகு, கையே எழாமல் போனதும் வராமல் நின்றுவிட்டதாகச் சொன்னார். வீக்கம் வடிந்ததும் ஒரு நாள் சத்தமில்லாமல் வந்து வரிசையில் நின்றுகொள்ளலாம், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தாராம். அதில் அவர் நினைத்தது சரிதான். நாங்கள் கவனிக்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கஞ்சி போட்ட சட்டையோடு அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அக்கா பயந்துபோய் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி நாத்தனாரைக் கூப்பிட்டார். நாத்தனார் தண்ணீரைக் கொண்டுவந்து சந்தில் நின்றபடியே ஜன்னல் வழியாக நீட்டி, "குத்துனவன் அழுறான், குத்து வாங்குனவ சும்மா இருக்கா" என்றார். அதோடு அழுகை நின்றது.

அன்று மத்தியானம் கல்லை எடுத்து உட்கார்ந்தவன் அஞ்சு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஒரு பக்கம் தேய்த்து, மறு பக்கம் திருப்பி மெதுவாக ஒரு இழுப்பு. அக்கா கொடுத்த துணியில் குத்தி இழுத்துப் பார்ப்பது. இழை வந்தால் மறுபடி கல். மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் ஐந்து ஊசிகளோடு போய் நின்றேன். அக்கா ஒவ்வொன்றாகத் துணியில் குத்தி இழுத்தார். நான்கைத் தள்ளிவிட்டார். ஐந்தாவதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது பரவாயில்லை" என்றார். எந்தப் பரீட்சையிலும் எனக்கு அப்படி மூச்சு முட்டியதில்லை. அந்த ஊசியை அவர் அடுப்பிலேயே கொதிக்கவைத்தேன்.

புஜத்தில் இனி இடமில்லை. இடுப்பில்தான் போட வேண்டும் என்று சொல்ல எனக்குக் கூச்சம். நாத்தனார்தான் வழி செய்தார். ஒரு சாரோங்கைத் திரை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காட்டவேண்டிய இடம் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒதுக்கி, "தோ, இங்க போடு. வேற எங்கயும் பாக்காத" என்று அதட்டினார். தினமும் காலையில் ஆறரை மணிக்கு இந்த நாடகம் நடக்கும். நான் கூரையைப் பார்த்துக்கொண்டே வருவேன், கூரையைப் பார்த்துக்கொண்டே போவேன். இரண்டு தடவை வாசல் நிலையில் முட்டிக்கொண்டேன். ஊசி போடுகிற அந்த ஒரு நொடி மட்டும் கண்ணை இறக்குவேன்.

மருந்தகத்தில் இரண்டு கிண்ணத்தையும் ஒன்றாகக் கொட்டிவிட்டேன். பொரிந்த கிண்ணத்து ஊசிகளை எல்லாம் கல்லில் போட்டு, தேறாததைத் தூக்கி எறிந்தேன். டேவிட் அண்ணனுக்கு முதலில் கோபம். "சின்னப் பையன் நீ எனக்குச் சொல்லித் தர்றியா? தவுக்கே வந்து கத்துனா நீயே பாத்துக்க" என்றார். தவுக்கே வந்தார். கலந்த கிண்ணத்திலிருந்து கைக்கு வந்த ஊசியை எடுத்துப் போட்டேன். எப்போதும் எவ்வளவு கத்துவாரோ அவ்வளவே கத்தினார், ஒரு மாற்றமும் இல்லை. டேவிட் அண்ணன் அதைப் பார்த்தார். மத்தியானம் பின்கட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தத் துணி எங்க, இப்படிக் குடு" என்றார். பெரிய மனுஷன். அவரும் இப்போது இல்லை.

எட்டாவது நாளே பிடித்துவிட்டதால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்டதிலிருந்து தொடரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்ன காரணத்தால் நின்றது என்றும் அவரிடம் சொன்னேன். என் தப்பு என்று சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது, அதற்கே மூன்று நாள் தூங்காமல் இருந்தேன்.

தொண்ணூறாவது நாள். எனக்கே அது ஒரு திருநாள் மாதிரி இருந்தது. இருந்ததிலேயே நல்ல ஊசியை, மூன்று தடவை துணியில் இழுத்துப் பார்த்து எடுத்துப் போனேன். நாத்தனார் சாரோங்கைப் பிடித்தார். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கிற்று. உடனே சந்தே அதிர்கிற மாதிரி ஒரு குரல்: "அடோய்!"

சிரிஞ்சைக் கீழே போடப் பார்த்தேன். நாத்தனார் சாரோங்கைக் கைவிட்டுவிட்டு மறுபடி அவசரமாகப் பிடித்தார். "என்னாச்சுக்கா, வலிக்குதா?"

திரைக்கு அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. "வலிக்கவே இல்லை, தம்பி. இன்னைக்குக் கத்தலாம் இல்லையா? இனி யாரும் என்னை எங்கேயும் அனுப்ப முடியாது." சிரித்துச் சிரித்து, கடைசியில் அது அழுகையாகிவிட்டது. அத்தனை நாள் அடக்கி வைத்தது அவ்வளவும் வந்தது.

சளிச் சோதனை நல்லபடியாக வந்தது. கிருமி இல்லை என்ற சீட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நாத்தனார் தெய்வானையின் கையைப் பிடித்துச் சந்தைத் தாண்டிக் கூட்டிவந்தார். அந்தப் பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் என்று நான் எதிர்பார்த்தேன். அது அத்தையின் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. அக்கா அவசரப்படவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து, பிள்ளையின் தோளில் வைத்து அளந்தார். கையை அளந்தார். உயரம் அளந்தார். அளந்துகொண்டே இருந்தார். பிள்ளைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியதோ என்னவோ, சிரித்துக்கொண்டு அம்மா மேலேயே சாய்ந்துவிட்டது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு அடுத்த சில மாதத்தில் மெர்டேக்கா வந்தது. வானவேடிக்கை எல்லாம் பார்த்தேன். ஆனால் அந்த வருஷம் என்றால் எனக்கு அந்த அளவு நாடாதான்.

பிறகு அவர்கள் குடும்பம் சிங்கப்பூர் போய்விட்டது. வருஷா வருஷம் போகிப் படையலுக்குக் கம்பத்துக்கு வரும்போது எனக்கும் ஒரு பொட்டலம் பலகாரம் வரும். கொண்டுவருவது நாத்தனார். "கூரையப் பாக்குறவருக்கு" என்று சொல்லிக் கொடுப்பார். என் மனைவிக்கு அந்தக் கதையைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

எனக்கு வேலை உயர்ந்தது. பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுக்கப் போட்டார்கள். புத்தகத்தில் இருப்பதை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், கடனே என்று. ஆனால் முதல் நாள் வகுப்பில் மட்டும் புத்தகத்தைத் திறக்கமாட்டேன். ஆளுக்கு ஒரு துண்டு வாயில் துணியும் ஒரு பழைய ஊசியும் கொடுப்பேன். குத்தி இழுக்கச் சொல்வேன். இழை வருவதைப் பார்த்து அவர்கள் முழிக்கும்போது மீனாட்சி அக்காவைப் பற்றிச் சொல்வேன். ஆரம்பத்தில் "ஒரு டிரெஸர் இருந்தான்" என்று யாரோ போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலைந்து வருஷம் கழித்துத்தான் அது நான்தான் என்று சொல்லத் தைரியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சிலரோடு புக்கிட் காதில், செங் என்று கம்பம் கம்பமாகப் போய், மருந்தைப் பாதியில் விட்டவர்களைத் தேடுவோம். மக்கள் அதைச் சேவை என்றார்கள். இரண்டு தடவை மாலைகூடப் போட்டார்கள். வராமல் போனவர் வீட்டுக்கு நாமே போய் என்ன ஆயிற்று என்று கேட்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அதையும் எனக்குக் காட்டியது அந்தச் சந்துதான். நல்ல வாழ்க்கை. நன்றி சொல்ல உட்கார்ந்தால் முதலில் அந்த நாத்தனாருக்குத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தக் கடைவீட்டில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். கோப்பிக் கடை இல்லை. இரண்டு வேலியும் இல்லை, சந்தில் தார் போட்டு கார் நிறுத்துகிறார்கள். கண்ணாடி சிரிஞ்சு இல்லை, எனாமல் கிண்ணம் இல்லை. என் கல் சமையலறையில் கிடக்கிறது. மகள் கத்தி தீட்டுகிறாள். இதில் எதற்கும் நான் வருத்தப்படமாட்டேன். தொலையட்டும். ஆளுக்கொரு புது ஊசி, தவுக்கேவுக்கும் அதே ஊசி, மீனாட்சி அக்காவுக்கும் அதே ஊசி. டொக்கென்று அந்த மஞ்சள் பெட்டியில் விழுந்த சத்தத்தை நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். நானோ கழுவப் போனேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து கையிலிருந்த பஞ்சை எடுத்தபோதுதான் உறைத்தது. முழங்கை மடிப்பில் இரண்டு இடத்தில் கன்றிப்போயிருந்தது. வலித்தது. அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். ஐம்பத்துமூன்று நாளில் ஒரு நாள்கூட நான் அக்காவிடம் கேட்காத கேள்வி அது. சின்னப் பெண், அவளாகவே கேட்கிறாள். நானோ, எத்தனையோ வகுப்பில் இதையே பேசியவன், நல்ல பேஷண்ட் என்று பெயர் வாங்கப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மாதமும் அதே கிளினிக்தான். அவளே இருந்தால் நல்லது. கேட்டாளானால் இந்தத் தடவை உள்ளபடி சொல்லிவிடப்போகிறேன்: "சாக்கிட், மிஸி."